தேனாற்றங்கரைக்குப் பிள்ளைகளை அழைக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத்தோடு காலாற நடக்கவும் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டவும் தேனாற்றங்கரை ஏற்ற இடம் என்று சென்ற ஞாயிறு இணைப்பிதழில் எழுதியிருந்தீர்கள். 30 ஆண்டுகளாகத் தங்கள் இதழை நம்பி வாசிப்பவன் என்பதால், அன்று மாலையே மனைவியையும் பேரப்பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு காரைக்குடியிலிருந்து புறப்பட்டேன்.

மழைக்காலம் முடிந்து ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பேரன் சைக்கிளில் முன்னே போவதும் திரும்பி வந்து எங்களோடு சேர்வதுமாக இருந்தான். ஆலை மதில்கள் தொடங்கிய இடத்தில், மதிலடிக் குழாயிலிருந்து பழுப்பு நிறக் கழிவுநீர் நேரே ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. புழுங்கலரிசி ஆலையில் 11 ஆண்டுகள் கணக்கெழுதியவன் நான். நெல் ஊறிப் புளித்த தண்ணீரின் நாற்றத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைச் சுத்திகரிக்காமல் விட்டால் ஆற்று நீரின் பிராணவாயு குறைந்து மீன்கள் செத்து மிதக்கும். சேற்றில் சறுக்கி விழுந்த பேத்தி, நான் தடுப்பதற்குள் கால் கழுவ ஆற்றில் இறங்கிவிட்டாள். அன்றிரவு முழுவதும் கால் அரிக்கிறதென்று தன் ஆயாவின் மடியில் அழுதுகொண்டிருந்தாள்.

ஓடையிலோ கிணற்றிலோ மாசுப்பொருளை விடக் கூடாதென்று 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 24ஆம் பிரிவில் சொல்வது தாங்கள் அறியாததன்று. அறிந்தவர்களே அந்தக் கரைக்குக் குழந்தைகளை அழைத்ததுதான் என் வருத்தம். கானாடுகாத்தான் வீடுகளைப் பற்றியும் ஆத்தங்குடிக் கற்களைப் பற்றியும் ஆண்டுதோறும் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். அந்த வீடுகளைக் கட்டியவர்கள் கூரையில் விழுந்த மழைநீரையும் வீணாக்காமல் ஊரணிக்குக் கொண்டுசேர்க்க வழி வகுத்திருந்தார்கள் என்பதற்கு மட்டும் இடம் இருப்பதில்லை. எங்கள் ஊரணியில் சாக்கடை கலப்பதைக் குறித்து இருமுறை எழுதினேன். இரண்டு கடிதங்களும் வெளிவரவில்லை. அதற்காக இதுவரை ஒரு சொல்லும் கேட்டதில்லை.

ஆலைகளை மூடச் சொல்லித் தாங்கள் எழுத வேண்டுமென்று நான் கேட்கவில்லை. அவற்றின் கூலியில் பல வீடுகளில் உலை கொதிக்கிறது. ஆலை மதில் தொடங்கும் இடத்தோடு பிள்ளைகளைத் திருப்பி அழைத்து வந்துவிட வேண்டும், தண்ணீரில் இறங்கவிடக் கூடாது என்று வரும் ஞாயிறு இதழில் அதே பக்கத்தில் இரண்டு வரி வெளியிடுங்கள். சென்ற ஞாயிறு வந்த குறிப்பைப் படித்துவிட்டு இந்த வாரமும் யாரேனும் புறப்படுவார்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
காரைக்குடி