இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடியில் 11 வருடமாக டி.டி.பி. கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கும்பாபிஷேக நோட்டீஸ், பத்திர ஸ்கேன், ஆதார் பிரிண்ட், எல்லாம் ஒரே மேஜையில். 'கிளவுடில் போட்டுவிட்டால் பத்திரம்', அதாவது இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் ஃபைலை ஏற்றி வைத்தால் பத்திரம், என்று உங்கள் கணினிப் பக்கங்களில் எழுதும்போதெல்லாம் ஒரு வரி விட்டுப்போகிறது. அந்த வரி தெரியாமல் நான் பட்ட பாடு இது.

சித்திரையில் புது கம்ப்யூட்டர் வாங்கினேன். தம்பி மகன் ஒரு கிளவுட் சாஃப்ட்வேரை இறக்கி, நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டி ஐந்தே நிமிடத்தில் முடித்தான். "இனிமே கம்ப்யூட்டரே போனாலும் ஃபைல் போகாது அத்தை" என்றான். எந்த நிறுவனத்துடையது என்பது வேண்டாம், எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். ஃபைல்களின் பக்கத்தில் பச்சை டிக் வந்தது. எனக்கும் நிம்மதி.

ஆடியில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். டிஸ்க் நிறைந்து சிவப்புக் கோடு காட்டியது. மேலே கிளவுடில்தான் ஒரு காப்பி இருக்கிறதே என்று பழைய ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். ஆவணி 10 வாக்கில் ஒருவர் வந்தார். மூத்தவனுக்கு அடித்த பத்திரிகை போலவே இளையவனுக்கும் வேண்டும், பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்றார். கம்ப்யூட்டரில் இல்லை. சரி என்று பிரவுசரில் கணக்கைத் திறந்தால் அங்கேயும் இல்லை. வயிற்றைப் பிசைந்தது.

அங்கேயும் ஒரு குப்பைத்தொட்டி உண்டு, அழித்தது 30 நாள் அதில் கிடக்கும் என்று தம்பி மகன் போனில் சொன்னான். ஆடிப்பெருக்கன்று அழித்தவை அப்படியே கிடந்தன. கல்யாணப் பத்திரிகை பிழைத்தது. ஆடி முதல் வாரத்தில் அழித்த கோவில் நோட்டீஸ் ஃபோல்டர் போனது போனதுதான். ஆறு வருட வேலை.

இந்த சாஃப்ட்வேர்கள் செய்வது 'சிங்க்'. கம்ப்யூட்டரில் இருப்பதும் மேலே இருப்பதும் எப்போதும் ஒன்றுபோல இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நான் இங்கே அழித்தால், சொன்ன பேச்சைத் தட்டாமல் அங்கேயும் அழிக்கிறது. 'சேமிப்பகம்' என்று படித்துவிட்டு, பூட்டி வைக்கிற பீரோ என்று நினைத்துக்கொண்டது நான்.

இடம் வேண்டுமென்றால் அழிக்காமலே வழி இருக்கிறது. கூகுளின் கிளவுடான கூகுள் டிரைவில் 'ஸ்ட்ரீம்', 'மிரர்' என்று இரண்டு வழி உண்டு. ஸ்ட்ரீமில் ஃபைல் மேலேயே இருக்கும், திறக்கும்போதுதான் இறங்கும். மிரரில் இரண்டு இடத்திலும் முழுசாக இருக்கும். மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுத்தால் பச்சை டிக் போய் மேகப் படம் வரும். கம்ப்யூட்டரில் மட்டும் இடம் காலியாகும். ஆனால் நெட் இல்லாத நேரத்தில் அந்த மேகத்தை எத்தனை முறை தட்டினாலும் ஃபைல் திறக்காது. முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி ஃபிளெக்ஸ் வேலை பார்க்கிறவர்கள், நடப்பு வேலை ஃபோல்டரைக் கம்ப்யூட்டரிலேயே இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் மேலே ஏற்றட்டுமா என்று நிறுவும்போது ஒரு கேள்வி வருகிறது. தம்பி மகன் அதற்கும் நெக்ஸ்ட்தான். என் டெஸ்க்டாப்பில் கிடப்பது யாருடையது? ஸ்கேன் எடுத்த பட்டா, ஆதார், கிரயப் பத்திரம். ஊரார் பத்திரமெல்லாம் நாலு மாதமாக என் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. செட்டிங்ஸில் அதை நிறுத்தி, ஏறியவற்றையும் தேடி அழித்தேன். இப்போது ஸ்கேன்கள் சிங்கில் சேராத தனி ஃபோல்டரில். வேலை முடிந்ததும் அன்றே அழித்துவிடுகிறேன்.

இலவச இடம் கூகுளில் 15 ஜிபி, ஒன்டிரைவில் 5, டிராப்பாக்ஸில் 2. கூகுளின் 15-க்குள்தான் ஜிமெயிலும் போட்டோஸும். டிசைன் ஃபைலால் அது நிறைந்துவிட்டால் மெயிலே வராது. மாப்பிள்ளை போட்டோ மெயிலில் வருகிற கடைக்கு அது தாங்குமா? அதனால் செவ்வாய்க்கிழமைதோறும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து, கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறேன்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, எத்தனை ஜிபி இலவசம் என்பதற்கு முன்னால், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்ற வரியைப் போடுங்கள். அந்த மூன்று ஃபோல்டர் கேள்வி வரும் திரையையும் படமாகப் போட்டால் புண்ணியம். கோவில் ஆபீஸில் பழைய நோட்டீஸ் பிரதி ஒன்று கிடைத்தது. அதைப் பார்த்துத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறேன். உபயதாரர் பெயர்களே இரண்டு பக்கம்.

– வாசகி, மன்னார்குடி