முதல் பக்கத்தைக் கிழிப்பது நாங்கள் இல்லை

அன்புள்ள வாசக நண்பர்களுக்கு, வணக்கம்.

லாங்கு பஜார் பக்கம் காய்கறி வாங்க வந்தாலும் நம் பழைய புத்தகக் கடையில் ஒரு நிமிஷம் நின்று அட்டைகளைப் புரட்டாமல் போகாதவர்களுக்குத்தான் இந்த மடல். சில நாளாகக் காட்பாடி, சத்துவாச்சாரி, வாலாஜா வாட்ஸ்அப் குழுக்களில் நம் கடையைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது. உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி, "இன்னாண்ணா இது?" என்று கேட்டுவிட்டீர்கள். ஆளாளுக்குத் தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு அம்மா நம்மிடம் ஒரு பழைய நாவல் வாங்கியிருக்கிறார். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் முதல் தாள் இல்லை. அது அவருக்கு வருத்தம்தான், அதில் எனக்கு மறுபேச்சில்லை. புத்தகத்தைக் கொண்டு வந்தால் பணத்தைத் திருப்பித் தருவது நம் கடையில் என்றைக்கும் உள்ள வழக்கம். ஆனால் செய்தி அதோடு நிற்கவில்லை. "யார் வீட்டுப் புத்தகம் என்று தெரியாமல் இருக்க இவர்களே பெயர் எழுதிய முதல் தாளைக் கிழித்துவிட்டு விற்கிறார்கள், லைப்ரரியில் எடுத்த புத்தகமும் இப்படித்தான் வருகிறதாம்" என்று இருக்கிறது. அந்த "வருகிறதாம்" யார் வாயிலிருந்து வந்ததோ தெரியாது. இந்தக் கடையில் பணம் பெரிதாகச் சேரவில்லை, பெயர் மட்டும்தான் சேர்ந்தது. அதில் கை வைத்தால் சும்மா இருக்க முடியவில்லை.

பழைய புத்தகம் நம் கடைக்கு எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். வீடு மாறுகிறவர்கள், பிள்ளைகளோடு பெங்களூருக்கோ சென்னைக்கோ போகிறவர்கள், பெரியவர் காலமான பிறகு அலமாரியை ஒழிக்கிறவர்கள், இவர்கள்தான் கொண்டு வருகிறார்கள். பெயர்ப் பக்கத்தைக் கிழிப்பவர்களும் முக்கால்வாசி இவர்களே.

வேலப்பாடியிலிருந்து ஒருவர் ஆட்டோவில் அரிசிப் பைகள் நிறையப் புத்தகம் கொண்டு வந்தார். அப்பா ரெவின்யூ டிபார்ட்மென்டில் இருந்து ஓய்வு பெற்றவர், காரியம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. விலை பேசிப் பணமும் வாங்கிக்கொண்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஏடிஎம் கார்டை எடுத்து, தையல் ஓரமாக அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு புத்தகத்திலும் பெயர் எழுதிய தாளைக் கிழிக்க ஆரம்பித்தார். "சார், விடுங்க சார், புத்தகம் வீணாப்போகும்" என்றேன். "இல்லீங்க, எங்கப்பா பேரு பிளாட்பாரத்துல கெடக்கக் கூடாது" என்றார். அதற்கு மேல் என்ன பேச? கிழித்த தாள்களை ஒழுங்காக அடுக்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எழுத்தாளர் மு.வ. (மு. வரதராசன்) எழுதிய திருக்குறள் தெளிவுரை, அந்தச் சின்ன சைஸ் புத்தகம், அதை மட்டும் கிழிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். போகும்போது அதன் காசைக் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அதையும் எடுத்துப்போய்விட்டார். அந்த அம்மா வாங்கிய நாவல் அந்தப் பைகளில் வந்ததுதானா என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் இப்படித்தான் நடக்கிறது.

நானே கிழிக்க வேண்டும் என்றால் எனக்கு அதனால் என்ன லாபம் என்றும் யோசித்துப் பாருங்கள். பெயர் எழுதுகிற தாளுக்குப் பின்னாலோ அடுத்த தாளிலோதான் பதிப்பகம், அச்சகம், எந்த ஆண்டு, எத்தனையாவது பதிப்பு என்ற விவரமெல்லாம் இருக்கும். சேகரிக்கிறவர்கள் முதலில் புரட்டுவதே அந்த இடத்தைத்தான். அது போனால் புத்தகத்துக்குப் பாதி விலை கூடக் கிடைக்காது. வெளியூர் வாசகர்களுக்கு அனுப்புவதில் இன்னொன்று இருக்கிறது. தபால் துறை 2024 டிசம்பரில் பழைய புக் போஸ்ட்டை நிறுத்திவிட்டு, 2025 மே மாதத்தில் கியான் போஸ்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. குறைந்த கட்டணம்தான், நல்ல ஏற்பாடுதான். ஆனால் புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் இருந்தாக வேண்டும் என்பது அதன் விதி. தாளைக் கிழித்துவிட்டுத் தபாலாபீஸ் கவுண்டரில் போய் நிற்க எனக்கு என்ன பைத்தியமா?

அதற்கும் மேலே, நம் வாசகர்களில் பாதிப் பேர் முதல் தாளில் இருக்கிற அந்தப் பழைய கையெழுத்துக்காகவே வாங்குகிறவர்கள். நம் ஊர்ப் பக்கம் ஒரு காலத்தில் கல்யாணம் என்றால் மு.வ. புத்தகம் பரிசாக வரும். வாலாஜா பக்கத்து வேலம் அவருக்குச் சொந்த ஊர் என்ற உரிமையும் சேர்ந்துகொள்ளும். 1961-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற அகல் விளக்கு நாவலில் வாலாஜா வருகிறது என்பதற்காகவே படித்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். "மணமக்களுக்கு, ஆபீஸ் நண்பர்கள்" என்று எழுதிக் கீழே வரிசையாகக் கையெழுத்துப் போட்ட பிரதிகள் இன்னும் வருகின்றன. அப்படிப்பட்டதை நான் தனியாக எடுத்து வைப்பேன். குடியாத்தம் டீச்சர் ஒருவர் அதற்கென்றே வருவார்.

பொன்னியின் செல்வன் கதையும் இப்படித்தான். கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமை ஆன பிறகு எந்தப் பதிப்பகம் வேண்டுமானாலும் போடலாம், புதுப் பிரதி மலிவாகவே கிடைக்கிறது. ஆனாலும் 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வந்த தொடரை வாராவாரம் பிரித்தெடுத்துப் பைண்டு செய்த செட்டுக்குத்தான் நம் கடையில் வரிசை. மணியம் ஓவியம் இருக்கும், ஓரத்தில் யாரோ ஒரு பாட்டி மசியில் எழுதிய தேதி இருக்கும், பின்பக்கம் ஏதாவது தைல விளம்பரம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். இதையெல்லாம் சேர்த்துத்தான் வாசகர்கள் புத்தகம் என்கிறார்கள். சோவியத் காலத்தில் மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்களைக் கேட்டு வருகிறவர்களும் இப்படித்தான், "ஸ்கூல் பிரைஸ் என்று எழுதியது இருக்கா?" என்பார்கள்.

வங்காளி ஷெல்ஃப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களோடு துணைக்கு வந்து, காந்தி ரோடு லாட்ஜில் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற புத்தகங்கள் அவை. காசு வாங்குவதில்லை, எடுத்துப் படித்துவிட்டு வைத்துவிட்டுப் போகலாம். ஒன்றில் முதல் பக்கம் முழுக்கக் கையெழுத்து, ஒருவர் எழுத்துக்குக் கீழே இன்னொருவர் எழுத்து. ஏதோ பெரிய மனவேதனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்கத் தெரிந்த ஒரு தம்பியிடம் கேட்டால், எந்த மெஸ்ஸில் மீன் குழம்பு நன்றாக இருக்கும், எந்த லாட்ஜில் தண்ணீர் வராமல் நின்றுபோகும் என்று அடுத்து வருகிறவருக்கு எழுதி வைத்திருக்கிறார்களாம். அதைக் கூட நாங்கள் கிழித்ததில்லை.

லைப்ரரி விஷயம். எந்த நூலகத்தின் ரப்பர் ஸ்டாம்பு இருந்தாலும் நாம் வாங்குவதில்லை. கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்டியிருந்த பசைத் தடம் தெரிந்தால் கூட, "தம்பி, முதல்ல இதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்று அனுப்பிவிடுவேன். அப்படித் திட்டு வாங்கிய பையன்கள் இப்போது உத்தியோகத்தில் இருக்கிறார்கள், அவர்களையே கேட்டுக்கொள்ளலாம்.

சில தாள்கள் தானாகவும் போகும். அந்தக் கால நியூஸ்பிரிண்ட் தாளில் இருக்கிற அமிலம் அதையே தின்னும். நம் ஊர் வெயிலில் மொடமொடவென்று ஆகி, முதலில் உதிர்வது அட்டையை ஒட்டிய தாள்தான். மிச்சத்தைப் புத்தகம் அரிக்கிற ராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து பைண்டு செய்வது அதற்காகத்தான். வருகிற புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, குறை இருந்தால் பின்னட்டையில் பென்சிலால் குறித்து வைத்தவர் நம் பைண்டர்தான். அவர் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டார். தைத்துப் பழகிய கை, பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் உண்டு, போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனிமேல் அந்தப் பென்சில் குறிப்பை நானே போடுகிறேன். "மு.ப. இல்லை" என்று இருந்தால் முதல் பக்கம் இல்லை என்று அர்த்தம், விலையும் அதற்கேற்பக் குறையும்.

இந்த நேரத்திலும், "நாங்க இருக்கோம்ணா" என்று கடைக்கே வந்து சொன்னவர்களை மறக்க மாட்டேன். அந்தக் குழுவிலேயே எங்களுக்காக மல்லுக்கு நின்ற ஊரீசு காலேஜ் மாணவர்களுக்கும், டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்து ஒரு புத்தகம் கூடுதலாகவே வாங்கிப் போன நர்ஸ் அம்மாவுக்கும் மனமார்ந்த நன்றி. உங்களை மாதிரி வாசகர்கள் அமைய நாங்கள்தான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனால் பைண்டு செய்கிற காலிக்கோ துணிக்கும் அட்டைக்கும் உண்டு. அதனால் நம் கடையில் புத்தகத்தை வாடகைக்கு எடுத்துப் படிக்கிற கட்டணமும் டெபாசிட்டும் தை முதல் கொஞ்சம் மாறுகிறது, போர்டில் எழுதியிருக்கிறேன். கடையும் அப்போதிலிருந்து இதே கட்டடத்தில் மாடியில் இயங்கும்.

கடைசியாக ஒன்று. பொன்னியின் செல்வன் பழைய பைண்டு செட்டில் மூன்றாம் பாகம், கொலைவாள், வாடகைக்கு எடுத்துப்போன யாரிடமோ இருக்கிறது. நோட்டில் எழுதிய பேர் மழைத் தண்ணீர் பட்டு அழிந்துவிட்டது. இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் தினமும் வந்து கேட்கிறார்கள். அபராதம் ஒன்றும் வேண்டாம், தயவுசெய்து கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் புத்தகக் கடைக்காரன்,
வேலூர்.