வளர்க்க சொல்லித் தர்றாங்க, வெட்ட யாரு சொல்லித் தருவாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பல்கலைக்கழகங்கள்ல மரப்பயிர் ஆராய்ச்சி எப்படி நடக்குதுன்னு வந்த கட்டுரைய படிச்சேன், நல்லா இருந்துச்சு, குறை சொல்றதுக்காக இத எழுதல. ஆனா கட்டுரை முழுக்க நாத்து, குளோன் (நல்ல மரத்துலேர்ந்து அதே குணத்தோட எடுக்கற கன்னு), இடைவெளி, சொட்டுநீர், ஏக்கருக்கு எத்தனை டன்னு இதுலயே போயிடுச்சு, வெட்டுறத பத்தி கடைசில ரெண்டே வரி. எங்களுக்கு காசு வர்றதும் கைய விட்டு போறதும் அந்த வெட்டுற சில நாள்லதான் சார்.

நான் மரக்காணம் பக்கம். மணல் பூமி, சவுக்கும் கொஞ்சம் தைலமரமும் (யூகலிப்டஸ்) போட்டிருக்கேன். ஆராய்ச்சியால ஒண்ணும் நடக்கலன்னு சொன்னா அது பொய். முன்ன அஞ்சு ஆறு வருசம் காத்திருந்த சவுக்க இப்ப மூணு நாலு வருசத்துல வெட்டுறோம்னா கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவனமும் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியும் குடுத்த குளோன் ரகங்கள்தான் காரணம். காகித ஆலை, விவசாயி, பேங்க், ஆராய்ச்சி நிலையம்னு நாலு பேரயும் சேத்து ஒப்பந்த முறைய கொண்டு வந்ததும் அந்த மேட்டுப்பாளையம் காலேஜ்தான். மரம் வளந்து வெட்டுற நேரம் வர்றப்பதான் பிரச்சினையே.

எடை விஷயத்த எடுத்துக்குங்க. பச்சை மரத்துல கிட்டத்தட்ட பாதி எடை தண்ணி. வெட்டிப் போட்டதுலேர்ந்து அது இறங்கிகிட்டே இருக்கும், சித்திரை வெயில்னா கேக்கவே வேணாம். வியாபாரி லாரி நாளைக்கு வருது நாளன்னிக்கு வருதுன்னு இழுத்தடிப்பாரு, கட்டை வெயில்ல கெடக்கும், கடைசில எடைமேடைல ஏத்துறப்ப குறையுற ஒவ்வொரு கிலோவும் நம்ம தலைல. ஆலைக்கு வேண்டியது நாரு, தண்ணி இல்ல, அப்ப ஈரம் கழிச்ச எடைக்கு விலை போட்டா ரெண்டு பக்கமும் நியாயம்தானே. வெட்டி இத்தனை நாள் ஆனா, இந்த மாசத்துல, எங்க கடலோரத்துல இவ்ளோ எடை குறையும்னு ஒரு பக்கத்துக்கு அட்டவணை தமிழ்ல இருந்தா போதும், அத கைல வச்சுகிட்டு நாங்க பேரம் பேசிக்குவோம்.

அடுத்தது பட்டை. தைலமரத்த வெட்டின சூட்டோட உரிச்சா நீள நீளமா கையோட வந்துடும். ரெண்டு மூணு நாள் விட்டா கட்டையோட ஒட்டிக்கும், அப்புறம் கத்திய வச்சு செதுக்கித்தான் எடுக்கணும், கூலி ஏறிடும், அந்த வேலைக்கு ஆளும் இப்ப கிடைக்கறதில்ல. பிரேசில்ல மெஷினே மரத்த வெட்டி, அந்த இடத்துலயே பட்டைய உரிச்சு, பட்டையும் தழையும் நிலத்துலயே விட்டுட்டு கட்டைய மட்டும் எடுத்துட்டு போறாங்க. பட்டைல சுண்ணாம்பு சத்து நெறைய, தழைல தழைச்சத்து, அதெல்லாம் மண்ணுக்கே திரும்பிடுது. அங்க சாவோ பாலோ பல்கலைக்கழகத்தோட சேந்து கம்பெனிங்க 1968லயே இபெஃப்னு ஒரு ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பிச்சிருக்காங்க, இந்த மாதிரி விஷயத்தயெல்லாம் வருசக்கணக்கா அளந்துகிட்டு வர்றாங்க. நாம என்னடான்னா மிளாறு, அதான் சின்ன சின்ன குச்சி வரைக்கும் கூட்டி சூளைக்கு வித்துட்டு, அடுத்த நடவுக்கு உரமூட்டை வாங்க க்யூல நிக்கிறோம். அதுக்காக அந்த பெரிய மெஷின் வேணும்னு கேக்கல, எங்க ரெண்டு ஏக்கர்ல அது திரும்பவே எடம் பத்தாது. டிராக்டர்ல மாட்டுற சின்ன பட்டை உரிக்கிற மெஷின் கூட்டுறவு சங்கத்துல வாடகைக்கு கிடைச்சா அதுவே பெருசு.

தூர் விஷயமும் இருக்கு. தைலமரம் மறுதாம்பு வர்ற மரம், வெட்டின தூர்லேர்ந்து மறுபடி துளிர்த்து வளரும், கோடாலியால கண்டபடி போட்டா தூர் பிளந்து பட்டை கிழிஞ்சு போயிடும், ரெண்டாம் வெட்டு தேறாது. ரம்பம் போட்டு தரைய ஒட்டி சுத்தமா அறுத்தா துளிரும் நல்லா வரும், மரத்துலயே கனமான அடிக்கட்டையும் வீணாகாது. ஆனா நாள் முழுக்க குனிஞ்சு அறுக்கறது ஆளுங்களுக்கு இடுப்ப ஒடிக்கிற வேலை, அவங்கள சொல்லியும் குத்தமில்ல. அதுக்கு என்ன கருவி, எப்படி கூலி பேசுறது, இதெல்லாமும் ஆராய்ச்சிதானே?

இப்படி பாத்து பாத்து வெட்டினா செலவு கூடும்னு யாராவது சொல்லலாம். அதே பிரேசில்ல அமேசான் காட்டுப் பக்கம் பாராகோமினாஸ்ங்கற ஊர்ல வண்டி போற பாதை, மரம் சாயற திசை எல்லாத்தயும் முன்கூட்டியே திட்டம் போட்டு வெட்டி பாத்திருக்காங்க, இஷ்டத்துக்கு வெட்டுறத விட கன மீட்டருக்கு 12 சதவீதம் செலவு கம்மின்னு 2002ல ஆய்வே வெளியாச்சு. அது பெருங்காடு, நம்மளது தோப்பு, கணக்கு வேறயா இருக்கும், ஆனா அந்த கணக்க இங்க யாராவது போட்டு பாக்கணுமில்ல. எங்க ஊர்ல லோடு லாரி தோணின பக்கமெல்லாம் உள்ள பூந்து போகும், மழை பேஞ்ச பின்னாடின்னா அந்த தடத்துல அடுத்த நாத்து நோஞ்சானாத்தான் நிக்கும்.

கட்டுரை எழுதினவரு மறுபடி மேட்டுப்பாளையம் போனா இதையெல்லாம் கேட்டு எழுதட்டும். மாணவர்கள் யாராவது வெட்டு சீசன்ல ஒரு தராசும் நோட்டும் எடுத்துகிட்டு எங்க பக்கம் வந்தாலும் சரி, என் தோப்புலயே அளந்துக்கலாம், தங்க எடமும் சாப்பாடும் நான் பாத்துக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு சவுக்கு விவசாயி,
மரக்காணம், விழுப்புரம் மாவட்டம்.