இருபத்தோராவது மணி நேரம்

தக்கலை,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள லில்லி,

இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டுக்காரருக்கு முட்டுவலி குறைந்ததா? நாலு மாதமாக உனக்கு ஒழுங்காகப் பதில் போடவில்லை. தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் ரெண்டு நிமிஷம் பேசுவதற்குள் நீ நிறுத்திவிட்டு உன் கதையை ஆரம்பித்துவிடுவாய். நாற்பது வருஷமாக நீ மாறவில்லை எடி. அதனால்தான் பேப்பரை எடுத்தேன். பேப்பரில் குறுக்கே பேச முடியாது. முழுக்க வாசி.

ஊர் விசேஷம் கொஞ்சம்தான். மழை பிடித்துவிட்டது. ரப்பர் மரத்தில் மழைக்குப் பிளாஸ்டிக் ஒட்ட ஆள் கிடைக்காமல் பாதித் தோப்பு பால் வெட்டாமல் கிடக்கிறது. ரேடியோவின் மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. நீ வரவில்லை என்று ரேடியோ எல்லோரிடமும் ஒலிபரப்பிவிட்டாள். பிச்சிப்பூ டீச்சரை மார்த்தாண்டத்தில் பார்த்தேன். உன்னைத்தான் முதலில் கேட்டார்கள். அந்தக் குடை விஷயத்தை இன்னும் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மகன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போவதைப் பற்றிப் போன புதன்கிழமை நீ பேசி அனுப்பியதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. "ஃபீஸில் பாதியை அவனே அங்கே பார்ட் டைம் பார்த்துக் கட்டிவிடுவான். கன்சல்டன்சியில் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதனால் லோனைக் குறைத்துக்கொண்டோம்" என்றாய். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும் லில்லி. போன வருஷம் நாகர்கோவிலில் ஒரு கன்சல்டன்சியில் என் மகள் பாப்பாவுக்கும் அதையேதான் போட்டுத் தந்தார்கள். வாரத்துக்கு 20 மணி நேரம், மணிக்கு 15 டாலர், வருஷத்துக்கு 52 வாரம். மொத்தம் 15,600 டாலர். கீழே ரெண்டு கோடு போட்டு, வட்டம் போட்டுக் கொடுத்தார்கள். கல்லூரி ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் பில் போட்டவள் நான். நானே அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். பெருக்கலில் தப்பில்லை. பெருக்கிய எண்களில்தான் தப்பு.

பாப்பாவுக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஆகஸ்டில் போனாள். வேலை கிடைக்கும்போது அக்டோபர். அதுவரை தேடியதில் ஒரு கொடுமை. யுனிவர்சிட்டி வேலை அறிவிப்புகளில் பாதிக்கு "வொர்க் ஸ்டடி" என்று ஒரு அடையாளம் இருக்கிறது. படித்துக்கொண்டே வேலை என்றுதானே நமக்குப் புரியும்? அவளுக்கும் அப்படித்தான் புரிந்தது. அப்படிப் பதினொரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். அது அமெரிக்க அரசாங்கம் 1964இலிருந்து நடத்துகிற உதவித் திட்டமாம். சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுக்கும். அந்த நாட்டுக் குடிமக்களுக்கும், கிரீன் கார்டு மாதிரி தகுதி உள்ளவர்களுக்கும்தான். நம்ம பிள்ளைகளைப் போல எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர்களுக்குக் கிடையாது. இதை முதலிலேயே ஒருத்தர் சொல்லியிருந்தால் மூன்று வாரம் மிச்சம். உன் மகனிடம் சொல்லிவிடு: அந்த அடையாளம் இருந்தால் தாண்டிப் போகட்டும்.

கடைசியில் லைப்ரரியில் வாரத்துக்குப் பத்து மணி நேரம், சாப்பாட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம். ரெண்டும் கேம்பஸுக்குள். மணிக்கு 12 டாலர். மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சக் கூலி 2009இலிருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறது. பல மாநிலங்கள் அதற்கு மேலே வைத்திருக்கின்றன. அதனால் 15 என்பது சில ஊரில் உண்டு, சில ஊரில் இல்லை. எந்த ஊர் என்று பார்க்காமலேயே நமக்குக் கணக்குப் போட்டார்கள்.

52 வாரமும் பொய். பாடம் நடக்கிற வாரங்கள் ரெண்டு செமஸ்டருக்கும் சேர்த்து ஏறக்குறைய முப்பது. லீவு நாட்களில் இருபதுக்கு மேலும் வேலை பார்க்க அனுமதி உண்டு. ஆனால் லீவில் சாப்பாட்டுக் கூடத்தையே பூட்டிவிடுகிறார்கள். பிறகு எங்கே போய் வேலை பார்ப்பது? அதனால் 15 மணி நேரம், 12 டாலர், 30 வாரம். 5,400. அதுவும் முதல் செமஸ்டரில் அக்டோபரில்தான் ஆரம்பித்தாள் என்பதால் முழுசாக வரவில்லை. மூன்று பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் அவள் பங்கு வாடகையும் சாப்பாடும் மாதம் 700. அந்தக் காசு முழுக்க அதிலேயே போய்விட்டது. ஃபீஸில் ஒரு டாலர்கூடத் தொடவில்லை. நாங்கள் இங்கே ரெண்டாம் செமஸ்டருக்கு ஓடிய ஓட்டம் எனக்கும் உன் அண்ணனுக்கும்தான் தெரியும்.

இதெல்லாம் பணக் கஷ்டம். தாங்கிக்கொள்ளலாம். நான் தூங்காததற்குக் காரணம் வேறு.

ஏப்ரலில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் போன் வந்தது. அந்த நேரத்துக்கு அவள் கூப்பிடவே மாட்டாள். எடுத்தால் அழுகை. எனக்குக் கை காலெல்லாம் ஓடவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் விஷயம் வந்தது. கூட இருக்கிற பிள்ளைக்குக் காய்ச்சல். அவளுடைய சனிக்கிழமை ஷிஃப்ட், ஆறு மணி நேரம், நான் பார்க்கிறேன் என்று இவள் சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறு தன் ஷிஃப்டை விட்டுக்கொடுத்தும் விட்டாள். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம் என்று அவள் மனதில். லைப்ரரி பத்து, சனிக்கிழமை ஆறு, மொத்தம் பதினாறு. பயமே இல்லை. ஆனால் அந்த யுனிவர்சிட்டியில் சம்பளக் கணக்குக்கு வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி சனிக்கிழமை முடிகிறது. போன ஞாயிறு பார்த்த ஐந்தும் இந்த வாரத்தில் சேரும். ஐந்து, பத்து, ஆறு. இருபத்தொன்று.

ஒரே ஒரு மணி நேரம், லில்லி.

சாப்பாட்டுக் கூடத்து மேற்பார்வையாளர் அம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலம் அட்டவணையைச் சரிபார்க்கும்போது கண்ணில் பட்டிருக்கிறது. உடனே இவளைக் கூப்பிட்டு அந்த ஷிஃப்டை வெட்டிவிட்டார்கள். அவள் வேலை பார்க்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மா யாரென்று எனக்குத் தெரியாது. முளகுமூடு மாதா கோயிலில் அவருக்காக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை வெளிநாட்டு மாணவர் ஆபீஸில் போய்க் கேட்டிருக்கிறாள், பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. பாடம் நடக்கும் காலத்தில் எல்லா வேலையும் சேர்த்து வாரத்துக்கு 20 மணி நேரம்தான். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி இருபது இல்லை. அதைத் தாண்டினால் அனுமதியில்லாத வேலை. மற்ற சில தவறுகளுக்கு விசா நிலையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், ரீஇன்ஸ்டேட்மென்ட் என்று பெயர். அனுமதியில்லாமல் வேலை பார்த்தவருக்கு அந்தக் கதவும் இல்லை. ஃபீஸ் கட்டியது, லோன் வாங்கியது, எல்லாம் ஒரு மணி நேரத்துக்கு எதிரே நிற்கிறது. அன்றிலிருந்து பாப்பா சுவரில் ஒரு காலண்டர் மாட்டி, ஞாயிறு முதல் சனி வரை பென்சிலால் மணி எழுதி வைக்கிறாள். உன் மகன் போனதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: இங்கே வாரம் என்றைக்குத் தொடங்குகிறது?

இப்போது நான் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். எங்களுக்குக் கணக்குப் போட்ட தம்பி, "கேம்பஸில் கிடைக்கவில்லை என்றாலும் கவலைப்படாதீர்கள் அம்மா, வெளியே பெட்ரோல் பங்க், மோட்டல், ஓட்டல், கையில் காசு, எல்லாப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள்" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். முதல் கல்வி ஆண்டில் கேம்பஸுக்கு வெளியே வேலையே கூடாது. அதற்குப் பிறகும் எழுத்தில் அனுமதி வாங்கினால்தான். இது அந்தத் தம்பிக்குத் தெரியாமல் இருக்குமா? பாப்பாவின் வகுப்பில் ஒரு பையன் அப்படிப் போனான். மூன்று வாரம் ராத்திரி வேலை பார்த்தான், முதலாளி காசு தரவில்லை. கேட்டால், "போய்ப் புகார் கொடு" என்றாராம். எங்கே போய்க் கொடுப்பான்?

எங்கள் அம்மா அண்டி ஆபீஸில், அந்த முந்திரி ஆலையில், வேலை பார்த்தது உனக்குத் தெரியும். அண்டி எண்ணெய் பட்டுக் கறுத்த அந்தக் கையால்தான் நமக்கு ரெண்டு பேருக்கும் மரச்சீனி அவித்துத் தருவார்கள். பத்தொன்பது வருஷம் பார்த்தார்கள். கடைசியில் சேர வேண்டியதைக் கேட்கப் போனால் பதிவேட்டில் ஏழு வருஷம்தான் பெயர் இருந்தது. மற்ற பன்னிரண்டு வருஷம் எங்கே? கைக்காசு வாங்கிய வருஷங்கள். நான் ஆபீஸ் வேலைக்குப் போனதும், ஒவ்வொரு தினக்கூலிக்காரர் பெயரையும் நோட்டில் ஏற்றாமல் வீட்டுக்குப் போகாததும் அதனால்தான். நீ என்னைப் "பதிவேடு" என்று கூப்பிட்டுச் சிரிப்பாய். கூப்பிடு. ஆனால் உன் மகன் பெயர் ஏறாத வேலைக்குப் போகக் கூடாது.

பெயர் ஏறும் வேலைக்கு அங்கே வழி ஒழுங்காகத்தான் இருக்கிறது. வேலை தருகிறோம் என்று கடிதம் கிடைத்ததும், வெளிநாட்டு மாணவர் ஆபீஸில் டிஎஸ்ஓ என்று ஒரு அதிகாரி இருப்பார், அவரிடமும் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸுக்குப் போனால் எண் தருவார்கள். எஸ்எஸ்என் என்பார்கள். சம்பளத்துக்கு அது வேண்டும். ஆதார் மாதிரி எல்லா இடத்திலும் நீட்டக் கூடாது, பத்திரமாகப் பெட்டியில் வைக்க வேண்டும். வேலை தொடங்கும் நாளில், வேலை பார்க்கத் தகுதி உண்டு என்று காட்ட ஐ-9 என்ற படிவம். மூன்று வேலை நாட்களுக்குள் பாஸ்போர்ட், யுனிவர்சிட்டி தரும் ஐ-20, அந்த நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94 மூன்றையும் அசலாகக் காட்ட வேண்டும். ஜெராக்ஸ் செல்லாது. அப்புறம் வரிக்கு டபிள்யூ-4. ஓய்வூதியத்துக்கும் வயதான காலத்து மருத்துவத்துக்கும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிக்கேர் என்று அங்கே பெரும்பாலோர் சம்பளத்தில் 7.65 சதவீதம் பிடிப்பார்கள். எஃப்-1இல் போகிற நம்ம பிள்ளைகளுக்குப் பொதுவாக முதல் ஐந்து வருஷம் அது பிடிக்கக் கூடாது. பாப்பாவுக்கு முதல் ரெண்டு சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். சம்பளச் சீட்டை எனக்கு அனுப்பினாள், நான்தான் இங்கே உட்கார்ந்து கண்டுபிடித்தேன். போய்க் கேட்டதும் திருப்பிக் கொடுத்தார்கள். முதல் சீட்டு வந்ததும் உன் மகனை எனக்கும் அனுப்பச் சொல். ஏப்ரல் 15க்குள் வரிக் கணக்கும் கொடுக்க வேண்டும். வேலையே பார்க்காவிட்டாலும் 8843 என்று ஒரு படிவம் உண்டு.

அவன் கணக்கில் கெட்டிக்காரன். அதனால் சாப்பாட்டுக் கூடத்தை நம்பாமல் அசிஸ்டன்ட்ஷிப்புக்கு முயற்சி பண்ணட்டும். பேராசிரியருக்குப் பாடம் நடத்த உதவுவது டிஏ, ஆராய்ச்சியில் உதவுவது ஆர்ஏ. பல இடங்களில் சம்பளத்தோடு ஃபீஸும் குறையும். எம்எஸ் பிள்ளைகளுக்கு அது லேசில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் போவதற்கு முன்பே ரெண்டு மூன்று பேராசிரியர்களுக்கு, அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, சுருக்கமாகக் கடிதம் போடுவதில் என்ன நஷ்டம்? கிடைத்தால் அந்த மணி நேரமும் இருபதுக்குள்தான் வரும்.

வெளியே கம்பெனியில் வேலை என்பது அதற்குப் பிறகு. படிக்கும்போதே பாடத்தோடு சேர்ந்தது சிபிடி, பொதுவாக ஒரு கல்வி ஆண்டு முடிந்துதான். படிப்பு முடிந்ததும் ஓபிடி, 12 மாதம். அறிவியல், இன்ஜினியரிங், கணிதம் என்றால் இன்னும் 24 மாதம் கேட்கலாம். சிபிடியை முழுநேரமாக ஒரு வருஷம் பார்த்துவிட்டால் ஓபிடி போய்விடும். இதைச் சொல்லாமலேயே "முதல் நாளிலிருந்து சிபிடி" என்று சில இடங்களுக்கு ஆள் பிடிக்கிறார்கள். அவன் சேரும் இடம் அப்படியா என்று கேள்.

எடி, குலசேகரத்தில் உன் அப்பா வைத்த தோப்பை ஈடு வைக்கிறீர்கள் என்று ரேடியோ சொன்னாள். நீ எனக்குச் சொல்லவில்லை. அந்தத் தோப்பில் நாம் ரப்பர் ஷீட் காயப்போடும் கம்பியில் துணி கட்டி ஊஞ்சல் ஆடியிருக்கிறோம். வைக்காதே என்று சொல்ல மாட்டேன். நாங்களும் வைத்துத்தான் அனுப்பினோம். ஆனால் வைப்பது என்று ஆனபிறகு முழுத் தொகைக்கும் லோன் எழுது. பார்ட் டைம் காசைக் கழிக்காமல் எழுது. அவன் அங்கே சம்பாதித்தால் அது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இருக்கட்டும், வாங்கிய லோனில் மிச்சம் விழட்டும். குறைத்து எழுதிவிட்டு ஜனவரியில் ஃபீஸுக்குத் துண்டு விழுந்தால், அப்போதுதான் பிள்ளை யாரிடமும் சொல்லாமல் பெட்ரோல் பங்குக்குப் போவான். பாப்பாவும் போயிருப்பாள். "ரெண்டாம் செமஸ்டருக்கு நீங்கள் அலைந்ததைப் பார்த்து யோசித்தேன் அம்மா" என்று அவளே என்னிடம் சொன்னாள்.

பாங்கில் கையெழுத்து வெள்ளிக்கிழமை என்றாய். இந்தக் கடிதத்தை நாளை காலை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். வாசித்ததும் அந்தக் கணக்குத் தாளை போட்டோ எடுத்து அனுப்பு. அவன் சேரும் யுனிவர்சிட்டியின் பெயரையும் அனுப்பு. பாப்பாவை அவனோடு பேசச் சொல்லியிருக்கிறேன், அவளுக்குச் சனிக்கிழமை காலை ஷிஃப்ட் இல்லை. நம்ம நேரம் சனிக்கிழமை ராத்திரி எட்டு. அவன் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காரட்டும். வெள்ளிக்கிழமைக் கையெழுத்தை அதற்கு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட முடியுமா என்று பாங்கில் கேள்.

சக்கை வற்றல் வறுத்து வைத்திருக்கிறேன். தம்பி அடுத்த வாரம் தாம்பரம் வருகிறான், கொடுத்து விடுகிறேன். பாதியை உன் மகனுக்குப் பெட்டியில் வைத்து அனுப்பு, முழுக்க நீயே தின்றுவிடாதே.

அன்புடன்,
செல்வி