வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: தோட்டா நிரப்புவது பற்றி

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். காலபோக நெல் கதிர் தள்ளும் நேரத்தில் கடிதம் வாசிக்க உங்களுக்கு ஏது நேரம் என்று தெரியும். ஒரு பக்கம் பன்றிக் காவல், மறுபக்கம் யானைக் காவல். என்றாலும் புளியங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வரைக்கும் எங்கள் துவக்குத் திருத்தும் பட்டறையைப் பற்றி ஒரு கதை ஓடித் திரிகிறது. நேரில் வந்து கேட்டவர்களுக்கு நேரில் சொல்லிவிட்டேன். கேட்காமலே அடுத்த வீட்டில் சொன்னவர்களுக்காகத்தான் இந்த மடல்.

நெடுங்கேணிப் பக்கத்தில் ஒருவருடைய துவக்கு சுடும்போது குழல் கிழிந்தது, அது நாங்கள் திருத்திய துவக்கு. இதுதான் கதை. அது எங்களிடம் வந்த துவக்கு என்பது உண்மைதான். கட்டை பிளந்திருந்தது, தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் குத்தூசி தேய்ந்திருந்தது. இரண்டையும் மாற்றினோம். குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தோம், துரு இல்லை, வீக்கம் இல்லை. பற்றுச்சீட்டில் எல்லாம் எழுதியிருக்கிறது.

வெடித்த பிறகு அதை என் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். குழலுக்குள் சேறோ துணியோ அடைத்திருந்தால், அடைத்த இடத்தில் மோதிரம் போட்டதுமாதிரி வீங்கும். இது அப்படியில்லை. தோட்டா உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னாலேயே இரும்பு பிளந்து வெளிப்புறமாக மடங்கியிருந்தது. தோட்டாவின் வெளிக்கூடான கோதின் பித்தளை அடி விரிந்து, குத்தூசி பட்டதும் பொறி விடும் கெப்பு இருந்த துளை அகன்று கிடந்தது. வாயில் மெழுகு ஊற்றி அடைத்த தடம் அப்படியே இருந்தது. தொழிற்சாலையில் யார் மெழுகுவர்த்தி உருக்கி ஊற்றுகிறார்கள்? சுட்ட கோதில் யாரோ திரும்ப மருந்து நிரப்பியிருக்கிறார்கள். கருமருந்துக்கென்று வைத்திருந்த பழைய சிமிழால் புகையில்லா மருந்தை அளந்து போட்டார்களாம், துவக்குக்காரரே சொன்னார். கருமருந்து கொள்ளளவில் அளக்கிற சாமான். புகையில்லா மருந்தை நிறுத்துத்தான் போட வேண்டும். வீரியம் கூடிய அதை அதே சிமிழ் நிறையப் போட்டால் எந்தக் குழலும் தாங்காது. அவருடைய உள்ளங்கைக் காயம் ஆறிவருகிறது. கண் தப்பியது அம்மாளாச்சி புண்ணியம். மிச்சத் தோட்டாக்களைப் பொலிசில் ஒப்படைத்தாயிற்று.

சரி, அது ஒரு கதை. என்னை அதைவிடச் சுட்டது அதன் வால்தான்: “எங்களுக்கு நிரப்பித் தரமாட்டான், பெரிய ஆட்களுக்கு இரகசியமாக நிரப்பிக் கொடுக்கிறான்.”

ஒருவருக்கும் நிரப்பிக் கொடுத்ததில்லை. அப்பா இருந்த காலத்திலும் இல்லை. எங்களுக்கு இருப்பது துவக்குத் திருத்தும் அனுமதி மட்டும். 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் ஒரு பக்கம், 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் மறுபக்கம். நடுவில் இந்தச் சின்னப் பட்டறை. கச்சேரியில் வேலை செய்பவர் வந்தாலும், கோவில் தர்மகர்த்தா வந்தாலும், என் சொந்த மச்சான் வந்தாலும் ஒரே பதில்தான். மச்சானோடு அதற்காகக் கொஞ்சக் காலம் கதை பேச்சு இல்லாமலும் இருந்தது. நீங்கள் கொண்டுவந்த இளநீரைக் குடித்திருக்கிறேன், கோதுகளைத் திருப்பித்தான் அனுப்பியிருக்கிறேன். யாருக்காவது நிரப்பிக் கொடுத்ததைக் கண்டவர் இருந்தால் என் முன்னால் வந்து சொல்லட்டும்.

இன்னொரு கூட்டம் கனடாவில் இருக்கும் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோவைக் காட்டுகிறது. “பாருங்கோ அண்ணை, அங்கே வீட்டுக் கராச்சில் வைத்து 303 றைபிளுக்கே நிரப்புகிறார்கள். நீங்கள் ஒரு வேட்டைத் துவக்குத் தோட்டாவுக்குப் பயப்படுகிறீர்களே!” அந்த 303ஐ மூத்த ஆட்களுக்குத் தெரியும், ஒரு காலத்தில் பொலிஸ் நிலைய வாசலில் தோளில் தொங்கிய அதே லீ என்ஃபீல்ட். கனடாவின் வடக்கில் காவல் செய்யும் றேஞ்சர் படையினர் அண்மைக்காலம் வரை அதையே வைத்திருந்தார்கள். இராணுவம் கழித்துவிட்டதைச் சனம் மலிவாக வாங்கியது. பழைய இராணுவத் தோட்டாக்கள் பெரும்பாலும் தீர்ந்துபோனதால் தாங்களே நிரப்புகிறார்கள். அங்கே சட்டம் விடுகிறது, கடையில் மருந்து முத்திரையோடு கிடைக்கிறது. நானும் அந்த வீடியோக்களை ஆசையாகப் பார்க்கிறவன்தான், மறைக்கவில்லை. நன்றாகப் பார்த்தால் அவர்கள் எவ்வளவு பயந்து செய்கிறார்கள் என்று விளங்கும்.

303 தோட்டா 1888இல் வரும்போது உள்ளே இருந்தது இறுக்கிய கருமருந்து. சில வருடங்களில் கோடைற் வந்தது, மெல்லிய தண்டு தண்டாக இருக்கும் புகையில்லா மருந்து. அதன் சூட்டில் அப்போதிருந்த லீ மெற்போட் றைபிளின் குழலுக்குள் குண்டைச் சுழற்றும் ஆழமில்லாத வரிகள் தேய்ந்துபோக, 1895இல் ஆழமான வரி வெட்டி லீ என்ஃபீல்ட் ஆக்கினார்கள். மருந்தை மாற்றியதற்காக ஒரு பேரரசே குழலை மாற்றியிருக்கிறது. நாங்கள் சிமிழைக்கூட மாற்றமாட்டோம் என்கிறோம்.

மருந்து தெரிவதில் அவர்கள் முதலில் பார்ப்பது எரியும் வேகத்தை. கைத்துப்பாக்கி மருந்து வைக்கோல் மாதிரி, றைபிள் மருந்து பாலை விறகு மாதிரி. வேகமான மருந்தைப் பெரிய கோதில் போட்டால் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். தவறி இரண்டு முறை போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது, சுடும்போதுதான் தெரியும். மெதுவானது எப்போதும் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்கரின் எம்1 கரன்ட் வாயுவால் தானே இயங்கும் றைபிள். அதில் மிக மெதுவான மருந்து போட்டால் குழல் முனையில் உள்ள வாயுத்துளையில் அழுத்தம் கூடி இயக்குத் தண்டு வளைந்துவிடும். அதனால் ஐ.எம்.ஆர் 4895 என்ற மருந்தைப் போல நடுத்தரமாக எரிவதைத் தேடுகிறார்கள். எவ்வளவு போடுவது என்பதை மருந்துக் கம்பனி அச்சிட்ட புத்தகத்தில் பார்த்து, குறைந்த அளவில் தொடங்கி, கிரெயின் தராசில் நிறுக்கிறார்கள். ஒரு இறாத்தலில் 7000 கிரெயின். அதில் பத்தில் ஒரு கிரெயினுக்கும் கணக்குப் பார்க்கிறார்கள்.

கோதும் சும்மா இல்லை. லீ என்ஃபீல்டில் தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பூட்டு பின்பக்கத்தில் பிடிப்பதால் சுடும்போது சற்று அமுங்கும், கோது அந்தளவுக்கு இழுபடும். தோட்டா உட்காரும் போர்க்கால அறைகளோ சேற்றிலும் தோட்டா ஏறவென்று தாராளமாகக் கடைந்தவை. சில முறை நிரப்பிய கோது அடிக்குச் சற்று மேலே மெலிந்து அங்கேயே அறும். வளைத்த கம்பியை உள்ளே விட்டு வழித்துப் பார்த்து, பள்ளம் தட்டுப்பட்டால் வீசிவிடுகிறார்கள். குழலையும் நம்புவதில்லை. பாய்ந்து போகும் குண்டான சன்னத்தின் விட்டம் 0.311 அங்குலம் என்று புத்தகம் சொன்னாலும், ஈயத்துண்டு ஒன்றைக் குழலுக்குள் தட்டித் தள்ளி அளந்த பிறகுதான் சன்னம் வாங்குகிறார்கள். பழைய இராணுவத் தோட்டாவின் கெப்பு விடும் உப்புக் குழலைத் தின்னும் என்று, சுட்ட அன்றே சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். எண்ணெய் மட்டும் பூசினால் அந்த உப்புப் போகாது. வீடியோவில் இதையெல்லாம் ஓட்டிவிட்டு “டப்” என்ற இடத்தை மட்டும் பார்த்தால் சுகமான வேலை போலத்தான் இருக்கும்.

முக்கியமான ஒன்று. காணி துப்புரவாக்கும்போது கிடைக்கும் பழைய தோட்டாவைக் கொண்டுவந்து “இதன் மருந்தை எடுக்கலாமா?” என்று கேட்காதீர்கள். பட்டறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். மண்ணின் ஈரத்தில் கிடந்த மருந்து பழுதாகிப்போயிருக்கும், என்ன வகை என்று பார்த்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. தோட்டாவுக்குப் பக்கத்தில் வேறு என்ன கிடக்கிறது என்பதும் தெரியாது. தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ் நிறுவன ஆட்கள் வன்னியில் அந்த வேலைக்காகவே இருக்கிறார்கள்.

எங்கள் கடைசல் வேலைக்காரத் தம்பி கட்டாருக்குப் போய்விட்டார். அவர் கையில் கடைந்த குத்தூசி உங்களில் பல பேருடைய துவக்கில் இன்றும் வேலை செய்கிறது. நல்லாயிருக்கட்டும். அவர் இடத்துக்கு ஆள் பழகும்வரை திருத்த வேலை முன்பைவிடக் கொஞ்சம் சுணங்கும், தைமாதம் முதல் கூலியும் சற்றுக் கூடும். புதிய விலை பட்டறைக் கதவில் ஒட்டியிருக்கிறது.

இந்தக் கதை ஓடியபோதும் “அவன் அப்படிச் செய்யமாட்டான்” என்று சந்தையில் நின்று வாதாடிய செட்டிகுளத்து ஐயாவுக்கும், கடனாக வேலை செய்த காலத்தை மறக்காமல் முதல் அறுவடையில் கணக்கு முடித்த மல்லாவி அண்ணாமாருக்கும், இடம்பெயர்ந்து திரும்பிவந்து கூரை போடுமுன்னரே எங்களைத் தேடி வந்த குடும்பங்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் வாயால்தான் இந்தப் பட்டறை நிற்கிறது.

காகிதக் கோதுத் தோட்டா வைத்திருப்பவர்கள் மாரியில் அவற்றை நிலத்தில் வைக்க வேண்டாம். ஊதிப்போய் அறைக்குள் ஏறாது, ஏறினால் இறங்காது. துவக்குக் கொண்டுவரும்போது தோட்டாவை வீட்டில் விட்டுவிட்டு, இந்த வருடம் புதுப்பித்த லைசன்சை மறக்காமல் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைக்காரன்,
வவுனியா.