வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டுவதற்கு முன்: கட்டட ஒப்பந்ததாரர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஓர் இன்சூரன்ஸ் சர்வேயர். இடிந்ததையும் சரிந்ததையும் நேரில் பார்த்து, பாலிசிப்படி எவ்வளவு கிடைக்கும் என்று கணக்கு எழுதித் தருவது என் வேலை. சைட்டுக்கு நான் வரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். அதற்கு முன்னால் உங்களிடம் பேச வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த பிறகு தென்சென்னையில் ஒரு சைட்டுக்குப் போனேன். பேஸ்மென்டுக்காகத் தோண்டிய பள்ளத்தில் இடுப்பளவு சேற்றுத் தண்ணீர். கட்டி நிறுத்தியிருந்த பில்லர் கம்பிகள் சாய்ந்து கிடந்தன. பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு சுவர், கேட்டோடு சேர்ந்து பள்ளத்துக்குள் விழுந்திருந்தது. அந்த வீட்டு அம்மா வாசற்படியில் நின்று பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்பந்ததாரர் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த ஃபைலை என்னிடம் நீட்டி, "ஆல் ரிஸ்க் பாலிசி எடுத்திருக்கேன் சார், பயமில்லை" என்றார். கட்டுமான வேலை நடக்கும்போது வரும் சேதத்துக்கான காப்பீடு அது.

பாலிசித் தொகை 80 லட்சம் என்றிருந்தது. அது அவருடைய லேபர் கான்ட்ராக்ட் தொகை. சிமென்டும் கம்பியும் உரிமையாளர் வாங்கித் தருகிறார், அதனால் அது தன் கணக்கில் வராது என்று அவர் நினைத்துவிட்டார். ஆனால் கட்டி முடிக்கும்போது முழு வேலையின் மதிப்பு என்னவோ, உரிமையாளர் தரும் சாமான்கள் உட்பட, அதைத்தான் பாலிசியில் காட்ட வேண்டும். அங்கே அது 2 கோடி. நூற்றுக்கு நாற்பதுக்குத்தான் காப்பீடு, அதனால் நஷ்டத்திலும் நூற்றுக்கு நாற்பதுதான் கிடைக்கும். 10 லட்சம் சேதத்துக்கு நான் எழுதியது 4 லட்சம். அதிலும் எக்சஸ், அதாவது பாலிசி எடுத்தவரே ஏற்க வேண்டிய பங்கு, கழிந்தது.

பக்கத்து வீட்டுச் சுவருக்கு ஒரு ரூபாய்கூட எழுத முடியவில்லை. மூன்றாம் நபர் பொறுப்பு, அதாவது வேலையால் வெளியாருக்கு நேரும் சேதத்துக்கான காப்பு, அந்தப் பாலிசியில் இருந்தது உண்மை. ஆனால் அதிர்வாலும், மண்ணைத் தோண்டி ஆதாரத்தைப் பலவீனப்படுத்தியதாலும் வரும் சேதம், தனியாகக் கேட்டுச் சேர்த்தால் ஒழிய, அதில் அடங்காது. ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் தெருவில் பள்ளம் எடுப்பவருக்கு முதலில் வேண்டியதே அந்த ஒரு வரிதான். அது இல்லாத பாலிசியை அவரிடம் கொடுத்தது யார் தவறு என்று நான் பேச வரவில்லை. அவர் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் ஃபைலை மறுபடியும் அந்தக் கவருக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கைகள் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

'ஆல் ரிஸ்க்' என்ற பெயரை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். வடிவமைப்புப் பிழை பொதுவாக இதில் வராது. மட்டமான கான்கிரீட்டை உடைத்து மறுபடி போடும் செலவும் வராது. பில் வரவில்லை என்று வேலையை நிறுத்திப் போட்டால், அந்த இடைவெளியில் நடக்கும் சேதத்துக்குத் தகராறு வரும். கீழ்த்தளத்தில் கடையைத் திறக்க விட்டுவிட்டால், அந்தப் பகுதிக்குக் காப்பு அன்றோடு முடிந்தது. வேலை இழுத்துக்கொண்டே போனால், தேதி முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேளுங்கள்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது ஆட்களின் விஷயம். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். உங்கள் சாரத்தில் ஏறும் ஆள் மூன்றாம் நபர் அல்ல. கட்டடத்துக்கான பாலிசி அவரைத் தொடாது. தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி தனியாக எடுக்க வேண்டும். 30 வயதுத் தொழிலாளி வேலையில் இறந்தால், மாத ஊதியம் 15,000 என்று வைத்தால், பாதி ஊதியமான 7,500-ஐ, அந்த வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெருக்கு எண்ணான 207.98-ஆல் பெருக்க வேண்டும்: 15,59,850 ரூபாய். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கு இது. அந்தச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. மேஸ்திரி கூட்டி வந்த ஆள், எனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. அந்தப் பொறுப்பு முதன்மை ஒப்பந்ததாரரையும் தேடி வரும். ஆகவே உள் ஒப்பந்ததாரர்களின் ஆட்களையும் பாலிசியில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். பத்துப் பேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இருபத்தைந்து பேரை வேலைக்கு வைத்தால், மஸ்டர் ரோலே, உங்கள் ஆள் வருகைப் பதிவேடே, உங்களுக்கு எதிராகப் பேசும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்துக்கு 1 சதவீத செஸ் வரி கட்டியாயிற்றே என்பவர்களுக்கு ஒன்று: அது தொழிலாளிக்கான நல நிதி, உங்கள் இழப்பீட்டுப் பொறுப்பை அது இறக்கி வைக்காது.

சங்கத்திடம் என் கோரிக்கை இதுதான். உறுப்பினர்கள் வீட்டு உரிமையாளர்களோடு போடும் ஒப்பந்தத்துக்கு ஒரு மாதிரிப் படிவம் தயாரியுங்கள். பாலிசியை யார் எடுப்பது, எந்த மதிப்புக்கு, பக்கத்து வீட்டுச் சுவருக்கு யார் பொறுப்பு, பிரீமியம் யார் கணக்கில், இவை அதில் ஒரு பக்கமாக இருக்கட்டும். பிரீமியத்தை எஸ்டிமேட்டிலேயே தனி வரியாகக் காட்டினால், உரிமையாளரிடம் கேட்பதில் கூச்சமிருக்காது. டெண்டருக்கும் வங்கிக் கடனுக்கும் காட்டுவதற்காக மட்டும் மலிவான பாலிசி தேடும் பழக்கத்தைப் பற்றிக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். இப்போது நடக்கும் வேலையின் பாலிசியை ஒவ்வொருவரும் கையோடு எடுத்து வாருங்கள். முதல் பக்கத்தை மட்டுமல்ல, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பக்கங்களையும் சேர்த்து.

அன்புடன்,
உங்கள் சைட்டுகளுக்குத் தாமதமாகவே வந்துசேரும் ஒரு சர்வேயர்