ஒரு எம் குறைகிறது: விடைக்குறிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆங்கில விடைக்குறிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். எந்தக் கேள்வி என்று உங்களுக்கே தெரியும். தங்குமிடத்தைக் குறிக்கும் 'அக்காமடேஷன்' (accommodation) என்ற சொல்லுக்கு நீங்கள் ஒரே ஒரு எம் போட்டிருக்கிறீர்கள். அதில் இரண்டு சி, இரண்டு எம். விடைக்குறிப்பைத் திருத்தி, வெட்டிய மதிப்பெண்ணைத் திருப்பித் தாருங்கள்.

ஒரு மதிப்பெண்தானே என்பீர்கள். சரியாக எழுதியவரின் விடைத்தாளில் இரண்டாவது எம் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருக்கிறது. அடித்தது ஆசிரியர் என்பதால் அவர் அதை நம்புவார். இனி எல்லா விண்ணப்பத்திலும் தப்பாகவே எழுதுவார்.

இந்தச் சொல்லில் காதை நம்ப முடியாது. தமிழில் படம் வேறு, பட்டம் வேறு. இரட்டித்தால் ஒலியே காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் எம் ஒன்றோ இரண்டோ, காதுக்கு ஒன்றுதான். பிரித்துப் பார்த்தால்தான் பிடிபடும். லத்தீன் மூலத்தில் 'அட்', 'காம்', 'மோட்' என மூன்று உறுப்புகள். 'பல்', 'பொடி'யோடு சேர்ந்து 'பற்பொடி' ஆகிறதே, ஏறக்குறைய அதே திரிதல்: 'அட்'டின் கடைசி எழுத்து, அடுத்து நிற்கும் சி-யைப் பார்த்துத் தானும் சி ஆகிறது. 'காம்' எம்மில் முடிகிறது, 'மோட்' எம்மில் தொடங்குகிறது. இதில் எந்த எம்மை எடுப்பீர்கள்? 'ரெக்கமெண்ட்' என்பதில் முன்னே நிற்பது 'அட்' அல்ல, 'ரி'. அதனால் அங்கே சி ஒன்று, எம் இரண்டு. அதையும் அடுத்த தேர்வில் மாற்றிவிடாதீர்கள்.

அதே தாளில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் எஸ் சேர்த்தவருக்கும் வெட்டு. தங்குமிடம் என்ற பொருளில் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் எஸ் வராது, முன்னால் 'ஆன்' (an) என்பதும் வராது. அமெரிக்க வழக்கில் எஸ் இயல்பு. எந்த வழக்கு என்று தாளில் ஒரு வரி சொல்லிவிட்டு வெட்டியிருக்கலாம். இடவசதியைக் குறிக்கும் சொல்லிலேயே ஓர் எழுத்துக்கு இடம் மறுத்தவர்களிடம் இதைக் கேட்பது அதிகம்தான்.

கோபத்தை விடுவோம். கணினி ஏன் சிவப்புக்கோடு போடவில்லை என்று யோசித்திருப்பீர்கள். உங்கள் விடைக்குறிப்பு முழுக்கக் கேப்பிடல் எழுத்தில் இருக்கிறது. வேர்டு மென்பொருள் அப்படிப்பட்ட சொற்களைச் சோதிக்காமல் விடும்படியே இயல்பாக அமைக்கப்பட்டிருக்கும். விருப்பங்களில் பிழைதிருத்தப் பகுதிக்குப் போய் கேப்பிடல் சொற்களைத் தவிர்க்கச் சொல்லும் டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

தயவுசெய்து விடைக்குறிப்பைத் திருத்துங்கள். திருத்தும் மையங்களுக்கு இன்னொரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒருமுறை விரல்விட்டு எண்ணுங்கள்: அந்தச் சொல்லுக்கு 13 எழுத்து.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பிக்கும் சிலர்